டாக்டர் கொலை பண்ணிக்கிட்டு இருக்காரு

உங்கள் கையில் பிபி பார்க்கும் பட்டையைக் கட்டிக்கொண்டே ஒரு டாக்டர், "சார், நீங்க செத்துப்போனா யாருக்கு லாபம்?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் எழுந்தால் தலை சுற்றியது. அதற்காகத்தானே வந்திருந்தேன்!

எங்கள் குடும்ப டாக்டரைப் பற்றி ஏற்கெனவே இந்தப் பத்தியில் புலம்பியிருக்கிறேன். புதியவர்களுக்காகச் சுருக்கமாக. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல் மாடியில் கிளினிக். மனிதர் வங்காளி. பெயர் டாக்டர் சன்யால். நோயாளிகளிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். நல்ல கைராசி. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது... கோவிட் வரும்வரை.

ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே அடைந்து கிடந்த நாள்களில், பொழுது போக ஒரு துப்பறியும் கதை எழுதிக் கல்கத்தா பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்கள் போட்டுத் தொலைத்தார்கள். வாசகர்கள் இன்னும் கேட்டுத் தொலைத்தார்கள். இப்போது அங்கே அவர் பெரிய ஆள். புத்தகக் கண்காட்சியில் அவர் கையெழுத்துக்கு வரிசை நிற்கிறதாம். இங்கேயும் அவர் கையெழுத்துக்கு வரிசைதான் — எம்.சி. என்கிற மெடிக்கல் லீவு சீட்டுக்கு!

துர்கா பூஜைக்கு வங்காளிப் பத்திரிகைகள் தலையணை தண்டிக்குச் சிறப்பிதழ் போடும். ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாவல் இருக்க வேண்டுமாம். நம் தீபாவளி மலர் மாதிரி, ஆனால் இன்னும் வெறி. ஆகவே வருடா வருடம் பூஜைக்கு முந்தைய மாதங்களில் எங்கள் டாக்டர் எங்களுக்கில்லை. கதவு சாத்தியிருக்கும். உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கும். கேட்டால், மருந்து கொடுக்கும் லெட்சுமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்: "டாக்டர் கொலை பண்ணிக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க லா."

இப்படி ஒரு சீசனில்தான் எனக்குத் தலைசுற்றல் வந்தது. காலை பத்து மணிக்கு மேல் கண் இருட்டும், கால் தள்ளாடும். ஒருநாள் லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. ரயில் நிலைய எஸ்கலேட்டரில் சரியப் பார்த்தேன். பின்னால் நின்ற ஒரு புண்ணியவான் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா பக்கவாதத்தில் படுத்தவர். நானும் அப்படித்தான் படுக்கப் போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்தப் பயத்தோடு போய் உட்கார்ந்தால் — செத்தால் யாருக்கு லாபமாம்!

அதோடு விட்டாரா? இன்ஷூரன்ஸ் யார் பெயரில்? வீட்டில் சண்டை உண்டா? சமையல் யார்? காபி யார் போடுவது? மனைவி மலர்தான் என்றேன். காபி ருசி எப்படி என்றார். கொஞ்ச நாளாகக் கசக்கிறது, தூளை மாற்றச் சொன்னதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கசப்பு முதல்ல வந்துச்சா, தலைசுத்தல் முதல்ல வந்துச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர், நான் உங்கள் கதைக்குப் பிணமாக வரவில்லை, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் மிஷினைக் காட்டினார். அத்தனை கோபத்திலும் என் பிபி பாதாளத்தில் கிடந்தது. பிபி அதிகம் என்று அவரிடமே மாத்திரை வாங்குகிற ஆள் நான்!

பேசாமல் என் போனை வாங்கி, மலரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். நலமா, சாப்பிட்டீர்களா... ஒன்றுமில்லை. நேராக ஒரே கேள்வி.

"மாத்திரையைக் காபியில எப்போ கலக்குறீங்க?"

சின்னக் குரலில் மலர் சொன்னாள்: "கொதிக்கும்போதே போட்டுடுவேன் டாக்டர். தூள் பண்ணி."

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தலை சுற்றியது.

விஷயம் இதுதான். மாத்திரை அட்டை ஒன்றை நான் ஆபீஸ் மேசையில் வைத்திருக்கிறேன். காலையில் போனதும் ஒன்று போட்டுக்கொள்வேன். வீட்டு அலமாரியில் இருந்த அட்டைகள் குறையவே இல்லை. நான் மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றுகிறேன் என்று மலர் முடிவு செய்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சண்டை வருமாம்! அதனால் காபியில் ஒன்று, ஆபீசில் ஒன்று. நாங்கள் கணவனும் மனைவியும் ஒற்றுமையாக என்னைக் கொன்றுகொண்டிருந்தோம்.

இனிமேல் காபியில் காபி மட்டும் போடச் சொன்னார் டாக்டர். இரண்டு வாரத்தில் தலைசுற்றல் நின்றது. நான் பிழைத்தேன். நன்றி சொல்ல வேண்டும்தான். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், நான் பிழைத்ததற்கா, கதை கிடைத்ததற்கா? என்னை வாசல்வரை அனுப்பக்கூட இல்லை. நான் கதவைத் தாண்டுவதற்குள் கீபோர்டு தட்டும் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

போன சனிக்கிழமை பூஜா சிறப்பிதழைக் கையில் கொடுத்தார். படத்தில் நாங்கள் குடியிருக்கும் தோ பாயோ அடுக்குமாடி புளோக் போலவே ஒரு வீடு. நாற்காலியில் தலை தொங்கிய ஒரு பத்திரிகைக்காரன். பக்கத்தில் காபி டம்ளரோடு ஒரு பெண். "பேரெல்லாம் மாத்திட்டேன் சார்," என்றார். இது நியாயமா என்று கேட்டேன். "நீங்க மட்டும் பேப்பர்ல என்னைப் பத்தி எழுதலாமா?" என்றார்.

மலரிடம் காட்டினேன். கொதித்துப் போவாள், வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு உள்ளூர ஆசை. அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு டாக்டருக்குப் போன் போட்டாள். கடைசியில் அந்தப் பெண் மாட்டிக்கொள்கிறாளா என்று மட்டும் கேட்டாள். பதில் கேட்டு முகம் மலர்ந்துவிட்டது.

"நான் மாட்டவே இல்லையாம்ங்க. அடுத்த வருஷக் கதையிலயும் வர்றேனாம்."

நான் வரமாட்டேன். நான்தான் செத்துவிட்டேனே!