முத்துமாரி பார்த்த ஸ்கிரீன்

ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் போர்டு செய்யும் கம்பெனியில் லைன் லீடராக இருந்தேன். படிப்பு பத்தாவது. 2013-இல் காகிதத்தை எடுத்துவிட்டு, போர்டைச் சோதிக்கும் டெஸ்டர் மெஷினுக்கான கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமாகப் போட்டார்கள். மாடல் மாறினால் ஆபரேட்டர் அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். மனப்பாடமாக அடிக்கக் கூடாது.

முத்துமாரி சங்கரன்கோவில் பக்கம். கான்ட்ராக்ட். அந்த மாதம் அவளைப் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு.

புது மாடல் வந்த அன்று அவள்தான் அடித்தாள். நல்ல போர்டுக்கெல்லாம் மெஷின் ஃபெயில் காட்டியது. லைன் நின்றது.

சூப்பர்வைசர் அவளையும் என்னையும் எஞ்சினியர் அறைக்கு இழுத்துப் போனார். எஞ்சினியர், தான் எழுதிய பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில், திருத்தும் இடத்தில் திறந்தார். `CAL*12*ON`. அவள் அடித்தது `CAL12ON`.

"ஸ்டார் ரெண்டும் இருக்கே. தெளிவா போட்டிருக்கேன்."

"இன்னாமா, ஸ்டார தோசையில வெச்சுத் துன்னுட்டியா?" என்றார் சூப்பர்வைசர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பொய்யா சொல்லுதேன் சார்? அங்க ஸ்டாரே இல்ல. வந்து பாருங்க."

லைன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். யாரும் போய்ப் பார்க்கவில்லை. எஞ்சினியர் கட்டளையைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். நான் போய் அடித்தேன், லைன் ஓடியது. கையில் சீட்டு இருந்ததால் ஸ்கிரீனை நான் பார்க்கவில்லை.

மறுநாள் வேலை இல்லை என்று அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அந்த மாடல் திரும்ப வந்தபோது வேறொருத்தி அடித்தாள். அதே ஃபெயில். அப்போதுதான் ஸ்கிரீனைப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. 12 மட்டும் சாய்ந்து நின்றது.

எஞ்சினியர் வந்து பார்த்தார். "ரெண்டு ஸ்டாருக்கு நடுவுல இருந்தா, சாய்ச்சுக் காட்டச் சொல்றோம்னு, இந்தப் பக்கத்தை எழுதுற மார்க்டவுன் முறை எடுத்துக்கும். ஸ்டார மறைச்சிடும். எழுதினத அப்படியே காட்டுற கோட் பிளாக்ல நான் போடாம விட்டுட்டேன்."

புதிதாகப் பக்கம் எழுத வருபவர்களுக்குச் சொல்கிறேன். கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் சாய்ந்த சின்னக் குறி ஒன்று உண்டு, பேக்டிக். கட்டளைக்கு மேல் வரியில் மூன்று, கீழ் வரியில் மூன்று போடுங்கள். அதுதான் கோட் பிளாக். எழுதியது எழுதியபடி நிற்கும். பிறகு எழுந்து போய், ஆபரேட்டர் பார்க்கும் ஸ்கிரீனிலும் ஒரு தடவை பாருங்கள்.

முத்துமாரிக்குப் போன் செய்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன், இல்லண்ணே?"

"சரியாத்தான்மா அடிச்சே."

"அன்னிக்குச் சிரிச்சவங்ககிட்டயும் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அவர்களில் பாதிப் பேர் அதற்குள் கான்ட்ராக்ட் முடிந்து போய்விட்டிருந்தார்கள்.