நான் முதலில் போவதாகப் போட்ட திட்டம்

எங்கள் இருவரில் நான்தான் முதலில் போவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிகரெட் மூன்றும் என்னிடம். அவளிடம் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பிறகு அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிட வேண்டும். என் ஓய்வுகாலத் திட்டம் மொத்தமும் அவ்வளவுதான்.

இந்த ஞானமும் தாமதமாகத்தான் வந்தது. ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஓட்டிய இருபதுகளில், சம்பள நாள் பிரியாணி போக மிஞ்சுவதைச் சேமிப்பு என்று நினைத்திருந்தேன். மிஞ்சியதில்லை. முப்பதுகளில் தேக்கு வளர்க்கும் திட்டம் ஒன்றில் பணம் போட்டேன். கன்று துளிர்ப்பதற்குள் அந்த ஆபீஸ் வேரோடு காணாமல் போனது. நாற்பது தாண்டி ஒரு நாள் நெஞ்சு வலித்தபோதுதான் புத்தி வந்தது. என் பெயரில் இன்சூரன்ஸ், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்ட், வீடு அவள் பெயரில்.

அதோடு விட்டேனா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வேறு. நான் செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு அவள் தனியாக ஏடிஎம்மில் பணம் எடுக்க வேண்டும். அவள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீட்டுப் பெண். என்னை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். மெஷின் கார்டைத் திருப்பித் தள்ளியதும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்ரீ, இது வாங்க மாட்டேங்குது."

நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவன் பேசுவானா?

"கேக்கறேன்ல!"

"நான் செத்துட்டேன்டி."

"செத்தவரு கண்ணை மூடிக்கிட்டு ஓரமா நில்லுங்க. பின்னாடி இருக்கறவங்க உள்ள வரணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மூன்றாவது ஒத்திகையில் என்னைத் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஓய்வு பெற்றபோது கம்பெனி சேர்த்து வைத்திருந்த பணத்தை இன்சூரன்ஸ் ஆபீசில் கட்டிப் பென்ஷன் வாங்க வேண்டியிருந்தது. என் ஆயுளுக்கு மட்டும் என்றால் மாதம் கூடுதலாக வரும். எனக்குப் பின் அவளுக்கும் என்றால் குறையும். நான் யோசிக்கக்கூட இல்லை, குறைவதில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருஷமே அவளுக்கு வயிற்றில் கட்டி. படுக்கையில் இருந்தபடி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். எந்த டப்பாவில் எது, கேஸ் எப்படிப் பதிவு செய்வது, குக்கர் எத்தனை விசில்.

"அதெல்லாம் நீயே வந்து பாத்துக்க. எங்கிட்ட எதுக்கு?" என்று எழுந்துவிட்டேன்.

"நீங்க செத்தப்பெல்லாம் நான் உக்காந்து கேட்டேன்ல ரீ? இப்ப நான் சொல்றதை நீங்க கேக்கக் கூடாதா?"

உட்கார்ந்தேன். சொன்னாள். எதுவும் என் தலையில் ஏறவில்லை. இருபது நாளில் போய்விட்டாள். இன்றைக்கும் குக்கர் கத்தும்போது எண்ணிக்கை தவறி, குழைந்ததைத்தான் தின்கிறேன்.

போன மாதம் கிருஷ்ணகிரியில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மாவோட டெத் சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா பேரை எடுத்துடலாம் சார். ஆனா பென்ஷன் தொகை ஏறாது. முதல்ல எழுதிக் குடுத்த ஆப்ஷனை மாத்த முடியாது."

"அப்ப அவளுக்குன்னு குறைச்சது குறைச்சதுதானா?"

"ஆமாங்க சார். சாரி."

"பரவாயில்லம்மா, குறையட்டும். பேரு அங்கயே இருந்தா உங்களுக்கு ஏதாவது தொந்தரவா?"

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "குடுக்கணும் சார், ரூல். இன்னைக்குக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. அடுத்த தடவை கொண்டு வரேன்," என்றேன்.

சர்டிபிகேட் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓசூர் பஸ் பிடிக்க நடந்தேன்.