சேகரோட ஆளு

வில்பட்டியில் ஒருவருக்கு ஊசி போட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் கிளம்புகிறார்கள். பிளாஸ்க், போர்வை, பாய் எல்லாம் கூடவே போகும். ஆஸ்பத்திரிக்கா கல்யாணத்துக்கா என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். இலங்கை மலையகத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இந்த மலையின் குளிர் புதிதில்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரியைப் பழகத்தான் அடிபட வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் சேகருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சுவிடத் திணறினார். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கட்டில் கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் கண் அசந்ததும் போர்வையை இழுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இலங்கையில் அதுதானே வழக்கம்? ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்த பிறகு சொந்தக்காரருக்கு அங்கே என்ன வேலை? மாலை ஐந்து மணிக்குப் பார்க்கும் நேரம் வரும்வரை கேட்டுக்கு வெளியே நிற்போம். இங்கே சிஸ்டர் என்று கூப்பிடும் நர்ஸ்தான் எங்களுக்கு மிஸ்ஸி, அவர் பார்த்துக்கொள்வார். அப்பா வாட்டில் கிடந்தபோது, நேரம் முடிந்தும் அவர் கையை விடாத என்னை ஒரு மிஸ்ஸி விரட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் அவரே அப்பாவுக்குத் தலைவாரி விட்டிருந்தார்.

சேகரைச் சேர்த்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கஞ்சியோடு போனேன். வாட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் "சேகரோட ஆளு யாரு?" என்று தேடியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவுக்குத் துணையிருந்த கிளாவரை கிராமத்துப் பெண்தான் அத்தனையும் செய்திருக்கிறாள். சேகருக்கு மூச்சு முட்டியபோது ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிவந்ததும் அவள்தான்.

"ஏம்மா, இப்பிடிக் கெடக்குற மனுசன விட்டுட்டுப் போற அளவுக்கு ஒனக்கு அப்பிடி என்ன சோலி?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால் சாக்கு என்பார்கள். கஞ்சியை ஊற்றினேன். சேகர்தான் மெதுவாகச் சொன்னார். "ஒன் ஊருக்கே போயிட்டியோன்னு நெனச்சேன்."

அந்தச் சொல் என்னைக் குத்திய குத்து இன்னும் வலிக்கிறது. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். நான் வெளிநாட்டுக்காரி என்று தெரிந்ததால், விவரம் தெரிந்த ஆள் யாராவது கூட வரட்டும் என்றார் சிஸ்டர். நான்தான் அவருடைய ஆள் என்று சொல்லி ஆம்புலன்ஸில் ஏறினேன். கீழே போய் எந்த ஜன்னலில் சீட்டு, எந்த மாடியில் ஸ்கேன் என்று கேட்டுக் கேட்டே படித்தேன். வீல்சேரை நானே தள்ளினேன். கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்துப் படுக்க யாரும் என் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. "சேகரோட ஆளு" என்ற குரல் கேட்டால் போதும், தூக்கத்திலும் எழுந்து நின்றேன். குணமானதும் அவரை நடத்தியேதான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

போன வாரம் ஊரிலிருந்து தங்கை ஜெயா போன் செய்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். கூட யார் இருப்பது என்று கேட்டேன். யாருமில்லை, தான் வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அம்மாவத் தனியா விட்டுட்டு வர ஒனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

"உள்ள இருக்க விடமாட்டாங்கன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?" என்றாள் ஜெயா.

தெரியும். இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். அம்மாவைப் பார்க்க அங்கே கேட் திறக்கும் ஐந்து மணிவரை இங்கே செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றேன். உள்ளிருந்து சேகர், எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார்.