ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பிலோமின் டீச்சரின் தம்பி மகன் ஃபோன் செய்தான். "அத்தை விடியக்காலையில தவறிட்டாங்க சார். தூக்கத்துலயே போயிட்டாங்க." காரைக்காலில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு இந்நேரம் செய்தி வந்து சேர்ந்திருக்கும். அவரோடு ஒரே நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தேன். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான். ஏழாம் வகுப்பில் விகிதம் நடக்கும்போது என் பிள்ளைகளும் காதை அங்கே வைத்துக்கொள்வார்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்றால், இரண்டு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை மூட்டை மணல்? "நாலு டீச்சர்" என்று ஒரு குரல் வரும். அடி விழாது. "நாலு எப்படிம்மா வந்துச்சு, சொல்லு" என்பார். சிமெண்டில் ஒன்று கூடியதால் மணலிலும் ஒன்றைக் கூட்டியதாக அந்தப் பெண் சொல்லும். "வழி தெரியாம தப்பை எப்படி சார் திருத்துறது?" என்பார் என்னிடம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பெருமழை ஓய்ந்த வாரம், மண்டபத்தூரில் வாந்தி பேதி பரவியது. அவர் வகுப்பு செல்வி மூன்று நாள் வரவில்லை. மாலையில் இருவரும் போய்ப் பார்த்தோம். அவளுடைய இரண்டு வயதுத் தம்பி தாயின் மடியில் துவண்டு கிடந்தான்.

"நர்சம்மா சொன்னபடிதான் டீச்சர் குடுக்குறோம். ஆறு ஸ்பூன் சீனி, அரை ஸ்பூன் உப்பு. செல்விதான் கலக்குது" என்றார் தாய்.

டீச்சர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. "தண்ணி எவ்வளவும்மா?"

"ஒரு லிட்டர் டீச்சர்" என்று செல்வி ஒரு செம்பை எடுத்துக் காட்டினாள்.

டீக்கடையில் பால் அளக்கும் லிட்டர் குவளையை நான் வாங்கி வந்தேன். அது நிறைய அந்தச் செம்பால் இரண்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது. செல்வி குவளையையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ இந்தச் செம்புக்கு உப்பு, சீனி எல்லாம் பாதிதானே போடணும்?" என்றவள் அழத் தொடங்கினாள். டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "உன் தப்பு இல்லடி" என்றார். உப்பு இரட்டிப்பானால் உடம்பு இன்னும் வறண்டுபோகும் என்பதால், மீன் ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்துப் பையனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்காம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

அவனைச் சேர்த்த அன்றிரவே இருவரும் பேருந்தில் திரும்பினோம். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் சொன்னார்: "வருஷா வருஷம் போர்டுல லிட்டர், லிட்டர்னு எழுதிப் போட்டிருக்கேன் சார். ஒரு லிட்டர் எவ்வளவுன்னு ஒரு நாளும் காட்டல."

மறுநாள் டீச்சர் சொல்லியனுப்ப, அதற்கு அடுத்த நாள் ஏழாம் வகுப்பு முழுவதும் வீட்டுச் செம்போடு வந்தது. ஒவ்வொன்றையும் அளந்து, எத்தனை செம்பு ஒரு லிட்டர் என்று அடியில் ஆணியால் கீறச் சொன்னார். சத்தம் தாங்காமல் தலைமையாசிரியர் வந்தார். "இது பாடந்தான் சார்" என்று அவரையும் உட்கார வைத்துவிட்டார்.

பின்னாளில் யாராவது இதைச் சொல்லிப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "பொழைக்க வச்சது டாக்டர். அவன் அந்த நெலமைக்குப் போனதுல என் பாடத்துக்கும் பங்கு இருக்கு" என்பார்.

நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனாலும் ஓய்வு பெறும் நாள் வரை, பாடம் முடித்து "புரிஞ்சுதா?" என்று எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. "செஞ்சு காட்டு" என்றுதான் கேட்டேன். டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது.