பினாங்குக்கு இருவராகவே வந்தோம்

மாலை ஐந்தரை மணிக்குப் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு படகில் ஏறினோம். ஜார்ஜ் டவுனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. எதிரே தீவு நெருங்கி வந்தது. எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் மனைவி ஸ்டெல்லாவின் மழைக்கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விடுங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்றாள்.

விடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முந்தின நாள் காலை கிள்ளானிலிருந்து புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் வந்தால் அரை நாள் பயணம். கடலோரமாகவே போவது என்பது என் பிடிவாதம். வண்டி நூற்றுப் பத்து சிசி. ஓட்டுபவன் ஐம்பதைத் தாண்டியவன். சபாக் பெர்ணம் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் சாலையைக் குதறி வைத்திருந்தன. பந்தாய் ரெமிஸ் அருகே வளைவில் சிந்திக் கிடந்த மணலில் சக்கரம் வழுக்க, காலை ஊன்றித் தப்பித்தேன். இரவு தைப்பிங்கில் தங்கினோம். மறுநாள் காலை வழி தவறி ஒரு மணி நேரம் சுற்றியதில் ஸ்டெல்லாவுக்கு நல்ல கோபம்.

மதியம் தஞ்சோங் பியாண்டாங்கில் ஒரு தமிழ் அக்கா கடையில் மீ கோரெங் சாப்பிட்டோம். தட்டு விலை எட்டு வெள்ளி. கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் துணிப்பை எப்போதும் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில்தான் இருக்கும். வண்டியை உயிர்ப்பித்தேன். பை முதுகில் வந்து சாய்ந்தது, வண்டி லேசாக அமுங்கியது. கிளம்பிவிட்டேன்.

கடலைத் தடுக்கப் போட்ட மண்கரை மேல் போகும் சாலை அது. மறுபக்கம் வயலுக்கான கால்வாய். "குழி வருது, கெட்டியாப் புடிச்சுக்க" என்று அவ்வப்போது கத்தினேன். பதில் இல்லை. காலைக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து மன்னிப்பு வேறு கேட்டேன்.

ஏழெட்டு கிலோமீட்டர் தாண்டியதும் சாலையில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆழம் தெரியவில்லை. முன் சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கியது. நான் புல்லில் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால், பின்னால் இருந்த பை பறந்துபோய்க் கால்வாயின் சிமெண்டு விளிம்பில் மோதிக் கிழிந்து, தண்ணீரில் மிதந்தது. ஸ்டெல்லாவைக் காணோம்.

அந்தப் பயத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பேரைச் சொல்லிக் கத்தினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல் கால்வாயில் இறங்கினார். நானும் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் காலால் துழாவினோம். என் சட்டைப்பையில் கைப்பேசி விடாமல் அடித்தது. எடுக்கச் சொல்லி அவர்தான் சைகை காட்டினார்.

"எங்கங்க போய்ட்டீங்க? பைய வச்சிட்டு ஹெல்மெட் எடுக்க உள்ள போனேன், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க! அக்கா போன்ல எத்தன தடவ அடிக்கிறது லா!"

தண்ணீரில் நின்றபடியே அழுதேன். விஷயம் புரிந்ததும் மலாய்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் சிரித்தார்.

கடைக்கார அக்கா தன் வண்டியிலேயே ஸ்டெல்லாவைக் கொண்டுவந்து இறக்கினார். "பொண்டாட்டிய மறந்துட்டுப் போற ஆள இப்பதான் தம்பி பாக்குறேன்" என்றார். ஸ்டெல்லா திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கிழிந்த பையும் சிமெண்டு விளிம்பும் அவள் கண்ணில் பட்டன. குனிந்து ஈரத் துணிகளைப் பிழிய ஆரம்பித்தாள்.

கோணிப்போன ஹேண்டிலோடு நிபோங் தெபால், சுங்கை பாக்காப் வழியாக ஊர்ந்து வந்தோம். படகை விட்டு இறங்கியதும் முதல் விளக்கில் சிவப்பு. பச்சை விழுந்தபோது கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன்.

"இருக்கேன், ஓட்டுங்க."

அடுத்த விளக்கிலும் தொட்டேன்.

"இருக்கேன் லா."

மூன்றாவது விளக்கில் பின்னாலிருந்த கார்க்காரர் ஹாரன் அடித்த அவசரத்தில் தொடாமலே வண்டியை நகர்த்திவிட்டேன். தோளில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"கேக்காமலே போறீங்க?" என்றாள்.