வட்டம் போட்ட நகர்வுகள்

போன வாரம் நாமக்கல்லில் கண் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை தெரிந்தது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டுவதாம் அது. அவள் ஒரு குதிரையை நகர்த்தினாள். பட்டையில் வெள்ளை சர்ரென்று கீழே இறங்கியது. அவள் கொட்டாவி விட்டாள். நான்தான் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் டோக்கன் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் 1999ஆம் வருட டைரியை எடுத்தேன். நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, செருப்பு வார் அறுந்த தேதி எல்லாம் இருக்கும். "நீ கோவிச்சுக்கிட்ட தேதியும் எழுதியிருப்பியே" என்பார் என் கணவர். எழுதியிருக்கிறேன். அந்த டைரியைப் பிரித்தால் இன்னும் மிளகு வாசனை அடிக்கிறது. எனக்கு மட்டும் அடிக்கிறதோ என்னவோ.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலைமேல் எடப்புளி நாட்டுக்காரியான நான் கீழே ராசிபுரம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, மறுபடி மலையில் வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காப்பி, மிளகுத் தோட்டத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூட்டை அடுக்கும் அறையை ஒட்டி என் மேஜை. முதலாளி சேலத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து வைத்திருந்தார். பனிக்காலத்தில் மலையில் சுவர்கூட வியர்க்கும். பெட்டிக்குள் ஈரம் ஏறாமலிருக்க, மேஜைக்கு அடியில் அறுபது வாட் பல்பு ஒன்று எந்நேரமும் எரியும். காலையில் மூடியிருந்த துணியை எடுத்தால் சுட்ட தூசியும் மிளகும் கலந்த ஒரு நெடி வரும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சதுரங்க விளையாட்டு இருந்தது. மொத்தம் எட்டு நிலைகள். ஒரு பொத்தானை அழுத்தினால், நீ இந்தக் காயை நகர்த்து என்று அந்தக் காயும் அது போகவேண்டிய கட்டமும் மின்னிக் காட்டும். அந்தப் பொத்தானைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் பொன்னுசாமி அண்ணனைச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்துக்கு மலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில், ஒரு கிடங்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் போன் செய்து மலையில் பெய்த மழை அளவைக் கேட்பார். மாலை நான்கு மணிக்கு நான் போன் செய்து மறுநாள் லாரி வருமா என்று கேட்பேன். நானும் செஸ் ஆடுவேன் என்று தற்செயலாகத் தெரிந்ததும், காலையில் அவர் ஒரு நகர்வு, மாலையில் நான் ஒரு நகர்வு என்று வழக்கமாகிவிட்டது. ஒரு ஆட்டம் முடிய நாற்பது நாள் ஆகும்.

"மலையில செஸ் வெளையாடறாங்களா? உங்கூட்டுக் குதிர எழுபது வளைவும் திரும்பித்தான எறங்கோணும் அம்மிணி. அதுக்குள்ள நான் ராஜாவப் புடிச்சிருவேன்."

"மெதுவா வந்தாலும் வந்துருமுங்ணா."

வரவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றேன். ராசிபுரம் வட்டாரத்தில் அவரை ஜெயித்தவர்கள் மூன்றோ நான்கோ பேர்தான் என்று டிரைவர்கள் சொன்னார்கள். நானும் தேறவேண்டும் என்று மதியச் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டரோடு ஆட ஆரம்பித்தேன். முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான்.

உங்களிடம் சொல்ல என்ன, எனக்கு அதைக் கண்டாலே பயம். யோசிக்கும்போது பெட்டிக்குள் கரகரவென்று ஒரு சத்தம் வரும். பிறகு சத்தம் நின்று காய் நகரும். மனிதர் என்றால் முகத்தைப் பார்த்தாவது ஆபத்து வருகிறதென்று தெரிந்துகொள்ளலாம். அது என்னைத் தோற்கடித்த பிறகும் திரை அதே வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். பதினான்கு நகர்வில் தோற்றேன், பதினேழில் தோற்றேன், இருபத்திரண்டில் தோற்றேன். எல்லாம் குறித்திருக்கிறேன்.

அண்ணனுடன் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டு வேளையில் அந்த நிலையை அப்படியே திரையில் அடுக்கி, பொத்தானை அழுத்தினேன். யானை மின்னியது. நான்கு மணிக்கு, "யானைங்ணா, டி ஏழு" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "அடேயப்பா!" என்றார்.

அன்று ஆட்ட நோட்டில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டேன். அது என் நகர்வில்லை அல்லவா. நோட்டில் பொய் எழுதக் கூடாதென்று எனக்கொரு சட்டம் உண்டு. போனில் சொல்லலாம் போலிருக்கிறது.

ஒன்று, மூன்றாயிற்று, பிறகு தினமும் ஆயிற்று. மூன்றாவது ஆட்டத்தை ஜெயித்தேன். "மலையில என்ன தேன் ஊத்திக் குடுக்கறாங்க உனக்கு?" என்று கிடங்கில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். நான்காவதையும் ஜெயித்தேன். "ம்" என்றார். ஐந்தாவதையும் ஜெயித்தபோது, "நல்லாருக்குது அம்மிணி" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

நான்காவது ஆட்டத்திலிருந்தே அவர் எதையும் இரண்டு தரம் கேட்கத் தொடங்கியிருந்தார்.

"சித்த இரு. மழ பன்னெண்டா, இருவத்திரெண்டா? இன்னொருக்கா சொல்லு."

"பன்னெண்டு மில்லிங்ணா."

"நேத்து உங்கிட்ட என்ன நகத்துனேன் நானு? குதிரதான?"

"ஆமாங்ணா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

போலீஸ்காரர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பாரே, அப்படி இருந்தது எனக்கு. கண்டுபிடித்துவிட்டார், ஆதாரம் சேர்க்கிறார் என்றே முடிவு செய்தேன். ஒன்பது மணிக்கு மணியடித்தால் நாலைந்து தரம் அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். மலைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று கிடங்கு, லாரி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் பேசுவதைக் கற்பனை செய்து சோறு இறங்காமல் இருந்தேன்.

பிறகு ஒரு நாள், "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்தது மேல வாரேன். பலகையக் கொண்டாரேன். உன்ற நோட்டையும் எடுத்து வெய்யி" என்றார்.

கையில் பதினோரு நாள் இருந்தது. இரண்டு வேலைகள் செய்தேன். ஒன்று, புது நோட்டு வாங்கி ஐந்து ஆட்டங்களையும் வட்டங்களில்லாமல் பிரதி எடுத்தேன். மை மாறாமலிருக்க அதே பேனா. முனைகளைக் கொஞ்சம் மடக்கி, அட்டையில் டீ சிந்திக்கூட வைத்தேன். ஒழுங்கான ஆள் தப்புச் செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்வாள். இன்னொன்று, வட்டம் போட்ட இடங்களையெல்லாம் திரையில் அடுக்கி, பொத்தானைத் தொடாமல் நானாக ஆடிப்பார்த்தேன். எல்லாம் தோல்வி. ஆனால் ஒன்பதாம் நாள் ஒரு விஷயம் பிடிபட்டது. பயம் வந்தால் நான் ராணியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். அந்த யானை ஏன் அங்கே போனது என்பதும் அன்றுதான் புரிந்தது. முப்பத்தொரு நகர்வு தாக்குப்பிடித்தேன்.

அந்த ஞாயிறு காலை பஸ்ஸில் இறங்கி அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை. குரலை வைத்து ஆஜானுபாகுவான ஆளை நினைத்திருந்தேன். மெலிந்த மனிதர். வளைவுகளில் குமட்டாமலிருக்க முகர்ந்துவந்த எலுமிச்சம்பழம் கையிலேயே இருந்தது. மஞ்சள் பையிலிருந்து பலகையை எடுக்கவில்லை.

"பலகை இருக்கட்டும். மொதல்ல உன்ற நோட்டக் குடு."

இரண்டு நோட்டுகளும் என் இழுப்பறையில் இருந்தன. கை பிரதியின் மேல் போய்விட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"நான் எழுதுனது உன்றதோட ஒத்துப்போவுதான்னு பாக்கோணும் சாமி" என்றார். "எங்கய்யனுக்கு அம்பத்தி மூணு வயசுல மறதி ஆரம்பிச்சுது. மொதல்ல சாவிய மறந்தாரு. அப்புறம் ஊட்டுக்கு வார வழி. கடசியா என்ற பேரு. எனக்கு இப்ப அம்பத்தி மூணு."

என் கை பிரதியின் மேலேயே இருந்தது.

"தோக்கறது பெருசில்ல. எங்க தோத்தோம்னு தெரியோணும்ல? மூணு ஆட்டமாத் தெரியல. மண்ட காலியாவுது அம்மிணி. அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன்னு மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன். ஊட்டுல இன்னும் சொல்லல."

அவர் இரண்டு தரம் கேட்டதெல்லாம் என்னைச் சோதிக்க இல்லை. அவர் தன்னையே சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிரதியைக் கொடுத்தால் நான் தப்பித்துவிடலாம். அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், பெற்ற பிள்ளையின் பெயர் மறக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்.

பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"இதென்ன வட்டம்?"

"அது கம்ப்யூட்டர் சொன்னதுங்ணா. நான் ஆடல."

விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் போனார். "இத்தனையுமா?"

"ஆமாங்ணா."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்ணா."

இன்னும் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள்கள் குலுங்கிய விதத்தைப் பார்த்தபோது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

எழுந்து போய்க் கம்ப்யூட்டரின் துணியை விலக்கி, இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுகிட்டக் கேட்டுத்தான் ஆடறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆடுன்னு நானே சொல்லியிருப்பேனே. ஆசையாக்கூட இருந்திருக்கும்" என்றார். "நாலு மாசம்."

ஆட்டம் நடக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விட்டார்.

வேலையை விடவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு போன் வந்தது. மழை அளவைக் கேட்டார், சொன்னேன், வைத்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. ஒருமுறையும் கடுமையாகப் பேசியதில்லை, எதையும் இரண்டாம் தரம் கேட்டதுமில்லை. நகர்வு மட்டும் வரவில்லை. நான் மதியங்களில் பொத்தானைத் தொடாமல் ஆடினேன். மூன்று வருடம் கழித்து ஒருநாள் நான்காவது நிலையை ஜெயித்தேன். ராணியைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அன்று நான்கு மணிக்கு போனை எடுத்தேன். நாளைக்கு லாரி வருங்களா என்று மட்டும் கேட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பனிக்காலத்தில் ஈரம் ஏறிவிட்டது. தோட்டம் கைமாறி, அலுவலகம் இருந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கான அறைகள் வந்துவிட்டன. மழையைக் கேட்டு யாரும் போன் செய்வதில்லை. முள்ளுக்குறிச்சிக் கிடங்கை இடித்துவிட்டார்கள்.

பொன்னுசாமி அண்ணன் எழுபது தாண்டி இறந்தார். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ராசிபுரத்தில் அவர் மகனைப் பார்த்தபோது, "கடசி வரைக்கும் நெனப்பு தப்பலீங்க. எல்லாத்து பேரும் சொன்னாருங்க" என்றார்.

என் பேரையும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.