கோட்டுக்கு மேலே தண்ணீர்

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனையும் கிடையாது. பழைய துறைமுகப் படங்களில் நிற்கும் கப்பல்கள் எவை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. புகைபோக்கியின் பட்டை, கம்பங்களின் எண்ணிக்கை, ஜன்னல் வரிசை, அவ்வளவுதான். இதில் பேய்க்கு என்ன வேலை என்றுதான் நானும் இருந்தேன்.

போன வருடம் ஒரு கப்பல் கம்பெனி தன் நூற்றாண்டு விழாவுக்காக என்னைக் கூப்பிட்டது. அவர்கள் அலுவலகத்தில் ஓர் அறை, சுவர் நீளத்துக்கு ஒரு படம். பழைய கப்பல்துறை. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் ஒரு கூட்டம். எதிரே ஐந்து கப்பல்கள். இருட்டுவதற்குள் நான்கை முடித்துவிட்டேன்.

ஐந்தாவது என் அப்பாவின் கப்பல்.

அப்பா அதில் சரக்கு ஏற்றும் பொறுப்பில் இருந்தவர். நடுக்கடலில் அது மூழ்கியபோது அவரும் போய்விட்டார். பாரம் அளவோடுதான் இருந்தது, அவர்தான் குடித்துவிட்டுத் தாறுமாறாக அடுக்கினார் என்று இதே கம்பெனி கைகழுவியது. காபியைக்கூடப் பாதிதான் குடிக்கிற மனுஷன் என்பாள் அம்மா. யார் கேட்டார்கள்? குடிகாரன் மகன் என்றே வளர்ந்தேன்.

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டினால் பாரம் அதிகம் என்று அர்த்தம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கோடு தண்ணீருக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் கம்பெனி சொன்னதுதான் உண்மையா?

முகம் கழுவிவிட்டு வந்தேன். மணி ஏழு ஐந்து.

தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கண் அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. க்ரீச்... க்ரீச்... பாரம் இழுக்கும் கயிற்றின் சத்தம். அந்த அறையில் கயிறு ஏது?

ஏழு இருபது. கோட்டைக் காணோம். வட்டத்தில் பாதிதான் மிச்சம். கட்டிப்போட்ட கப்பல் கரையிலேயே அமிழ்ந்துகொண்டிருந்தது. அதில் இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அறையெல்லாம் உப்பு வாடை.

கப்பலின் மேல்தளத்தில் ஓர் ஆள். முதலில் அங்கே யாருமே இல்லை...

குனிந்து, அந்தக் கோடு இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா.

கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன சார்?"

"இந்தக் கப்பல்... பாருங்க!"

"எந்தக் கப்பல்? நாலுதானே இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கப்பல் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்.

"கண்ணாடிய மாத்துங்க சார்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தப் படத்தின் பிரதி ஒன்றை அம்மாவிடம் காட்டினேன். நான் பார்த்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் கரையில் நின்ற கூட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான். இடுப்புல நீ."

"இது எப்பம்மா எடுத்தது?"

"கப்பல் முழுகி ஒரு வாரம் கழிச்சு, விஷயத்தைச் சொல்றதுக்கு அதுல போனவங்க பொண்டாட்டிங்க எங்க எல்லாரையும் கம்பெனியில வரச் சொன்னாங்க. அன்னிக்கு எடுத்த படம்."

"அங்க எதைம்மா எல்லாரும் பாத்துட்டு நிக்கிறீங்க?"

"கப்பலைத்தான். முழுகிப் போச்சுன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டு இருக்கான்... அது கண்ணெதிர்ல வந்து நிக்குது. உங்கப்பா குனிஞ்சு கோட்டைக் காட்டிக்கிட்டே இருந்தாரு. கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருச்சு."

"எல்லாருமா பாத்தீங்க?"

"எல்லாரும்தான்."

"அப்புறம் ஏம்மா யாரும் வாயத் தொறக்கல?"

அம்மா படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாருடா நம்புவா? உங்கப்பா குடிச்சிட்டு அடுக்கினதாலதான்னு எழுதி நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டாத்தான் பணம்னு. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கல. எல்லாரும் போட்டோம்... மொதல்ல போட்டவ நான்தான்."